உப்பு நிறைஞ்சிருக்கு

பதிவு 1
நாள் 61. காலை 6:10
குரல்: உலகம்மாள், வார்டு உதவியாளர்

பேசலாமா? செவப்பு லைட்டு எரியுது. சரி, பேசுதேன்.

உலகம்மன் தாயே, தொணை இரு. இதக் கேக்குறவுக யாரா இருந்தாலும், எந்த ஊரா இருந்தாலும் நல்லா இருக்கணும். எம்பேரு உலகம்மா. வயசு அம்பத்திநாலு. சேர்ந்தமரத்துக்குக் கெழக்க ஊரு. எட்டாங்கிளாஸ் வரைக்கும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சேன். மூணாம் கூடத்துல வார்டு ஆயா.

கூடம் எங்க இருக்குன்னா, ஆகாசத்துல. பூமியச் சுத்திச் சுத்தி வருது. நிலாச் சொரங்கத்துக்கு வேலைக்குப் போன சனத்துக்குத் தூசிக் காய்ச்சல் வந்தா ஊருக்குள்ள விடமாட்டாவ. இங்கனதான் வச்சிப் பாப்பாவ. இப்படி ஆறு கூடம் சுத்துது. எங்கள்ட்ட இன்னைக்குப் பத்தொம்பது பேரு.

காய்ச்சல் எப்படி வரும்னா, மொதல்ல நாக்குல உப்பு தெரியாமப் போவும். ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒடம்பு சுடும். சுட ஆரம்பிச்சாத்தான் அடுத்தாளுக்கு ஒட்டும். பொறவு நெஞ்ச அடைக்கும். இது நாஞ் சொல்லல, டாக்டர் சொன்னது.

இந்தப் பதிவு டாக்டர் இன்பராஜ் பேசுறது. நாலு வரி, பாதி இங்கிலீசு, முடிஞ்சு போவும். முந்தாநாளு அவியளுக்கே காய்ச்சல் வந்துட்டு. அந்தப் பத்தொம்பதுல சேராம ஏழாம் கட்டில்ல கெடக்காவ. இப்ப கால ஊனி நிக்கது ரெண்டே பேரு, நானும் நர்ஸு நூர்நிஷாவும். மேலப்பாளையத்துப் புள்ள, இருவத்தாறு வயசு. அவதான் சொன்னா, "பெரியம்மா, நீங்க நாள் பூரா பேசிக்கிட்டுத்தான இருக்கிய, அத மிஷினப் பாத்துப் பேசுங்க"ன்னு. உசுருள்ள ஆளு ஒருத்தரு தெனம் பேசணுமாம். மிஷின் அதுல சாமான் பேரு, ஆளு எண்ணம், மனசு எப்படின்னு மட்டும் பொறுக்கிச் சுருக்கிக் கீழ அனுப்புமாம். மத்த பேச்செல்லாம் பெட்டிக்குள்ள கெடக்கும், வேணுங்கிறவுக பொறவு கேட்டுக்கிடலாமாம். நான் அதுக்குக் கிளின்னு பேரு வச்சிருக்கேன்.

கிளி, கேட்டுக்கோ. அரிசி இருக்கு. கையுறை இருக்கு. உப்பு நிறைஞ்சிருக்கு. சலவைத்தூளும் நிறைஞ்சிருக்கு. பாத்துக்கிடச் சொல்லு.

முக்கியமான விசயம் ஒண்ணு. எழுவதாம் நாளு மாத்து ஆளுகள ஏத்திக்கிட்டு ஒரு ஓடம் வருது. ஒரே ஓடம். ஆறு கூடத்துல எங்க ரொம்ப முடியலையோ அங்கதான் நிக்கும். அதுல இந்தப் புள்ளைய ஏத்தி விட்டுரணும். நான் எப்பவும் போவலாம். அவளப் பாத்தா எனக்குச் சரியாப் படல. தலமுடி சீவி நாலு நாளாச்சு.

கீழே அனுப்பிய சுருக்கம்: நோயாளிகள் 19. இறப்பு 0. உப்பு: நிறைவு. சலவைத்தூள்: நிறைவு. பணியாளர் மனநிலை: நன்று.


பதிவு 2
நாள் 61. மாலை 5:40

அவ காய்ச்சல் பக்கம். நான் சுத்தப் பக்கம், கஞ்சி வைக்கேன். நடுவுல ரெண்டு கதவு. பேசுறதெல்லாம் உள்பேசியிலதான். அதையும் கிளி அப்படியே ஒட்டி வைக்குமாம்.

உள்பேசி, நூர்நிஷா: "பெரியம்மா, கஞ்சி சப்புன்னு இருக்கு. உப்பு என்னாச்சு?"

உள்பேசி, உலகம்மாள்: "நிறைஞ்சிருக்கு தாயி."

நூர்நிஷா: "நிறைஞ்சிருந்தா அள்ளிப் போட வேண்டியதுதான? யாருக்குச் சேத்து வைக்கிய?"

உலகம்மாள்: "ஏட்டி, தீந்து போச்சுங்கிறதத்தான் அப்படிச் சொல்லுதேன். எங்க வீட்டுல அரிசி, உப்பு, மஞ்சளுக்கெல்லாம் இல்லங்கிற வார்த்தையே சொல்லப்படாது. சொன்னா எங்க மாமியா வாயிலயே அடிப்பா. இல்லன்னு ஒருக்கச் சொன்னா அது கேட்டுக்கிட்டு வீட்டுலயே தங்கிருமாம். வெளக்கையும் அணைக்கதுன்னு சொல்ல மாட்டோம், மலையேத்துறதுன்னுதான்."

நூர்நிஷா: "அப்ப டாக்டர் தலையில முடி நிறைஞ்சிருக்கு."

கேட்டியளா இவ பேச்ச! டாக்டருக்குத் தல தேங்கா மாதிரி வழவழன்னு இருக்கும். காய்ச்சல்ல கெடக்கிற மனுசனே சிரிச்சிட்டாராம். அவளும் சிரிச்சா. பாத்திரம் உருட்டுன மாதிரி ஒரு சிரிப்பு.

இங்க ஒரு நாளைக்குப் பதினாறு தரம் விடியுது. அதான் எனக்குப் பெரிய தொந்தரவு. எந்த விடியலுக்கு வெளக்கேத்த? நெருப்பே கூடாதுங்காவ. பேட்டரி வெளக்குதான். கெழக்கு எதுன்னும் தெரியல. நூர்நிஷாவுக்கும் எந்தப் பக்கம் பாத்துத் தொழன்னு அதே கஷ்டம். ரெண்டு பேரும் பேசி, பூமி தெரியுற சன்னல வச்சிக்கிட்டோம். அவ அந்தப் பக்கத்துச் சன்னல், நான் இந்தப் பக்கத்துச் சன்னல்.

ஒரு எடத்துல உக்கார முடியல எனக்கு. தொடச்ச தரையத் தொடைக்கேன். மடிச்ச துணிய ஒதறி மறுபடி மடிக்கேன்.

கீழே அனுப்பிய சுருக்கம்: உப்பு: நிறைவு. அரிசி: நிறைவு. மஞ்சள்: நிறைவு. மருத்துவர்: மகிழ்ச்சியாக உள்ளார். பணியாளர் மனநிலை: நன்று.


பதிவு 3
நாள் 64. மாலை 4:15

சாமான் கலம் வந்துட்டு. உப்பு வரல. சலவைத்தூள் வரல. கீழ இருக்கவனுகளுக்கு எம்புட்டுக் கஞ்சத்தனம்! ரெண்டு தரம் சொன்னேம்லா? கையுறைய மட்டும் மூட்ட மூட்டயா அனுப்பி வச்சிருக்கான். கையுறையவா கஞ்சியில கரைக்க? இருக்கட்டும். எங்கிட்ட வீட்டுலேர்ந்து கொண்டாந்த உப்பு நார்த்தங்கா ஒரு சின்ன டப்பா இருக்கு. அது எடுக்க மாட்டேன். புள்ள எறங்குற அன்னைக்கு நல்ல கஞ்சி வச்சித் தொட்டுக்கிடக் குடுக்கணும்.

இன்னைக்கு மூணாம் கட்டிலும் பன்னெண்டாம் கட்டிலும் குளுந்துட்டாவ. எங்க பக்கம் அம்மையில போனவுகள வேற மாதிரிச் சொல்லப்படாது. அம்மன் வந்து எடுத்த உசுரு. குளுந்துட்டாவன்னுதான் சொல்லணும்.

அவுகளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் நூர்நிஷாதான் செஞ்சா. கடைசி மூச்சு வாங்கையில வீட்டாளுகளுக்கு நேர படம் போற தட்டு ஒண்ணு இருக்கு, அதக் கையில புடிச்சிக்கிட்டே நிக்கணும். ஒரு மணி நேரம் ஆவும், ரெண்டு மணி நேரம் ஆவும். அது வீட்டாளுக மட்டும் பாக்குற தனி லைனு, நெலையத்துக்காரவுக பாக்க மாட்டாவ. கீழ பொஞ்சாதி புள்ளைக கதறும். கை அசையக் கூடாது, அசைஞ்சா மொகம் மறைஞ்சிரும். அப்பறம் பையில போட்டு, சிப்ப இழுத்து, பேரு எழுதி ஒட்டி, குளிர் அறைக்குத் தள்ளிக்கிட்டுப் போவணும். இதோட இருவத்தஞ்சு தட்டு புடிச்சிட்டா.

சாயங்காலம் கிளி தெனம் மூணு கேள்வி கேக்கும். தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படின்னு. இன்னைக்கு அவ சொன்னது:

உள்பேசி, நூர்நிஷா: "தூக்கம் நிறைஞ்சிருக்கு. பசி நிறைஞ்சிருக்கு. மனசு நிறைஞ்சிருக்கு."

எனக்குப் பழிப்புக் காட்டுதா கழுத. ஆனா நல்ல வார்த்ததான, சொல்லட்டும்.

கீழே அனுப்பிய சுருக்கம்: காய்ச்சல் தணிந்தோர் 2. இறப்பு 0. கையுறை: நிறைவு. தூக்கம், பசி, மனம்: நிறைவு. பணியாளர் மனநிலை: மிக நன்று.


பதிவு 4
நாள் 66. பகல் 11:20

இன்னைக்கு மூணு பேரு குளுந்துட்டாவ.

ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்லன்னு தெரியல.

வீட்டாளுக குரல் கடுதாசி அனுப்புவாவ. கீழ வரிசையில கெடந்து வந்து சேர மூணு நாளு ஆவும். அதுக்குள்ள ஆளு போயிரும். அப்படிப்பட்ட கடுதாசிய அழிச்சிரணும்னு உத்தரவு. நான் கஞ்சிச் சட்டிய எடுக்க நடுக்கதவு கண்ணாடிகிட்டப் போனேன். குளிர் அறைக் கதவு தொறந்து கெடக்கு. உள்ளேர்ந்து ஒரு பொம்பள சத்தம் உள்பேசியில கேக்கு. யாருடா புதுசான்னு பாத்தா, மூணாம் கட்டில்காரரு பொஞ்சாதி பேசுது. ஏங்க, சின்னவளுக்குப் பல்லு விழுந்துட்டு, கூரை மேல எறிஞ்சா, போயி ஓட்டுல மாட்டிக்கிட்டு, நீங்க வந்துதான் எடுத்துத் தருவீங்கன்னு அடம் புடிக்கா, உப்பு தெரியுதாங்க ஒங்களுக்கு, சாப்பிட்டீங்களாங்க. அப்படிப் போவுது பேச்சு.

நூர்நிஷா கடுதாசி பேசுற பெட்டியப் பையி மேல, காதுகிட்ட வச்சிக்கிட்டுக் குத்தவச்சிருக்கா. கடுதாசி முடிஞ்சதும் பதில் சொல்லுதா. "கேட்டாரு. சிரிச்சாரு. ரெண்டு வாய் சாப்பிட்டாரு."

நான் கண்ணாடியத் தட்டுனேன்.

உள்பேசி, உலகம்மாள்: "என்னளா பண்ணுத? அவருதான் குளுந்துட்டாருன்னு அன்னைக்கே சொல்லியாச்சே?"

நூர்நிஷா: "சொல்லியாச்சு. ஆனா அந்தக்கா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லலல்லா. அனுப்ப மாட்டேன் பெரியம்மா. சும்மா சொல்லி வைக்கேன். இன்னும் நாலு பேருக்கு வந்துருக்கு. நீங்க போங்க, எனக்கு வேல கெடக்கு."

போயிட்டேன். ஏன் போனேன்? கதவத் தொறந்து உள்ள போயிருக்கணுமா? காய்ச்சல் ஒட்டாம இருக்க மேல் உடுப்பு மாட்ட இருவது நிமிசம் ஆவும். அதுக்குள்ள அவ எந்திரிச்சிட்டா, தண்ணி குடிச்சா, அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா. நல்லாத்தான் நடந்தா.

தாயே, இந்தப் புள்ள நல்லபடியா எறங்குனா ஒங் கோயில்ல ஒரு படி உப்பும் மொளகும் கொட்டுதேன்.

எனக்கு ஒண்ணுமில்... எனக்கு நல்லாருக்கு. கண்ண மூடுனா மட்டும் மானிட்டரு கத்துற சத்தம் கேக்கு. செபம் சொல்லயில அந்தச் சத்தத்துக்குத் தக்கனதான் வாயி போவுது. உலகம்மா. பீப். உலகம்மா. பீப்.

கீழே அனுப்பிய சுருக்கம்: காய்ச்சல் தணிந்தோர் 3. இறப்பு 0. குடும்பத் தொடர்பு: சிறப்பு. மருந்து தவிர்த்த தேவை: உப்பு 1 படி, மிளகு 1 படி (கோயில்). பணியாளர் மனநிலை: நல்லாருக்கு.


பதிவு 5
நாள் 67. காலை 9:05

டாக்டரும் குளுந்துட்டாவ.

காலையில ஏழு மணி. நூர்நிஷா தட்டப் புடிச்சா. தூத்துக்குடியில அவிய வீட்டம்மா செபம் பண்ணிக்கிட்டே இருந்தாவளாம். கடைசியா டாக்டர் கண்ணத் தொறந்து இந்தப் புள்ளையப் பாத்து, ஒரு வெரலத் தூக்கித் தன் தலையத் தொட்டுக் காட்டுனாராம். முடி நிறைஞ்சிருக்குங்கிறதுக்கு.

அவ அழல. அதான் எனக்குப் பயமா இருக்கு.

உள்பேசி, நூர்நிஷா: "பெரியம்மா, பேரு ஒட்டுற அட்டை இன்னும் இருக்கா?"

உலகம்மாள்: "எத்தன வேணும்?"

நூர்நிஷா: "ரெண்டு."

ரெண்டு அனுப்பி வச்சேன். ஒண்ணு கெட்டுப் போனா மாத்திக்கிட வேணும்லா.

சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கல, காலையிலயே கிளிகிட்ட மூணு கேள்விக்கும் பதில் சொல்லிட்டா. அதே பதில்.

கீழே அனுப்பிய சுருக்கம்: மருத்துவர் இன்பராஜ்: காய்ச்சல் தணிந்தது. இறப்பு 0. பெயர் அட்டை: இருப்பில் உள்ளது. தூக்கம், பசி, மனம்: நிறைவு. பணியாளர் மனநிலை: மிக நன்று.


பதிவு 6
நாள் 69. காலை 8:30

கிளி, நான் சொல்லுறத நிறுத்தாமக் கேளு. கீழேர்ந்து வந்தத மொதல்ல ஒட்டு.

கீழ்நிலையம், அலுவலர் கோகிலவாணி: "மூன்றாம் கூடத்துக்கு எங்கள் பாராட்டு. ஒன்பது நாளாக இறப்பே இல்லை. ஆறு நோயாளிகளுக்குக் காய்ச்சல் தணிந்திருக்கிறது. மருத்துவரும் தேறிவிட்டார். இருப்பு எல்லாம் நிறைவு, பணியாளர் மனநிலையும் நிறைவு. ஆறு கூடங்களில் நீங்கள்தான் முன்மாதிரி. ஆகவே மாற்றுக் குழுவை ஐந்தாம் கூடத்துக்கு அனுப்புகிறோம். அடுத்த ஓடம் இருபத்தெட்டு நாளில் வரும். உற்சாகத்தோடு தொடருங்கள்."

நேத்து ஒருத்தர் குளுந்ததையும் சேத்துத்தான் ஆறு.

டாக்டர் தேறிட்டாரா? பையில கெடக்காரு மனுசன். அப்பறந்தான் மண்டையில ஒறைச்சுது. கிளி நான் சொன்ன வார்த்தைய எடுத்துருக்கு, அர்த்தத்த எடுக்கல. நிறைஞ்சிருக்குன்னேன், நிறைஞ்சிருக்குன்னு எழுதிட்டு. குளுந்துட்டாவன்னேன், காய்ச்சல் குளுந்துட்டுன்னு எழுதிட்டு.

நாந்தான். நாந்தான் அந்த ஓடத்தத் திருப்பி விட்டுருக்கேன்.

அடுத்ததும் ஒறைச்சுது. அந்தப் புள்ள பழிப்புக் காட்டல. தூக்கம் நிறைஞ்சிருக்கு, பசி நிறைஞ்சிருக்கு, மனசு நிறைஞ்சிருக்குன்னு அஞ்சு நாளா எங்கிட்டதான் சொல்லிக்கிட்டு இருந்துருக்கா. இந்தக் கூடத்துல அந்தப் பேச்சு வெளங்குற ஒரே ஆளு நாந்தான். எனக்கே வெளங்கல.

உள்பேசி, உலகம்மாள்: "நூர்நிஷா. ஏ தாயி. எங்கட்டி இருக்க?"

உள்பேசி, உலகம்மாள்: "நூரு!"

உள்பேசி, நூர்நிஷா: "கத்தாதிய. குளிர் அறையில இருக்கேன்."

உலகம்மாள்: "அங்க என்ன சோலி?"

நூர்நிஷா: "படுத்துருக்கேன். இங்கதான் மானிட்டர் சத்தம் கேக்கல. இங்கதான் யாரும் சாப்பிட்டாரா தூங்குனாரான்னு கேக்க மாட்டாவ. பைக்குள்ள குளிரு அவ்வளவா தெரியல பெரியம்மா. பேரு ஒட்டிட்டேன். உங்களுக்கு அந்தச் சோலி வேண்டாம்னுதான்."

ரெண்டு அட்டை.

மேல் உடுப்பு மாட்டப் போறேன். கிளி, நீ

கீழே அனுப்பிய சுருக்கம்: பெயர் அட்டை 2: பயன்படுத்தப்பட்டது. பணியாளர் ஓய்வில் உள்ளார். பணியாளர் மனநிலை: நிறைவு.


பதிவு 7
நாள் 69. பகல் 12:10

இருவது நிமிசம் ஆவுற உடுப்ப ஆறு நிமிசத்துல மாட்டுனேன். இடது கை சரியா ஒட்டல. பரவால்ல.

இழுத்துட்டு வந்துட்டேன். பைய அவுத்தேன், வெரலத் தேச்சேன், சுடுதண்ணி குடுத்தேன். இப்ப சுத்தப் பக்கத்துல ஏம்பக்கத்துல இருக்கா. என் சேலை முந்தியும் அவ உடுப்பு நாடாவும் சேத்து முடிஞ்சி வச்சிருக்கேன். அவ எந்திரிச்சா நானும் எந்திரிக்கணும். கல்யாண வீட்டு முடிச்சு மாதிரி இருக்குன்னு மொனங்குதா. மொனங்கட்டும்.

இப்ப சொல்லப் போறேன். உலகம்மன் தாயே, என்னய மன்னிச்சிரு. அத்தை, மேலேர்ந்து கேட்டா நீயும் மன்னிச்சிரு. இந்த வாயால ஒரு நாளும் சொன்னதில்ல.

உப்பு இல்ல.

சலவைத்தூள் இல்ல. டாக்டர் இல்ல, செத்துட்டாரு. ஆறு நோயாளி செத்துட்டாவ. செத்துட்டாவ, கேக்குதா கிளி? குளிரல, தேறல, செத்துட்டாவ. நூர்நிஷாவுக்குத் தூக்கம் இல்ல. பசி இல்ல. மனசுல ஒண்ணும் இல்ல, தொடச்சி வச்ச சட்டி மாதிரி இருக்கு. எனக்கும் தெம்பு இல்ல. நெசமாவே இல்ல. இல்ல, இல்ல, இல்ல.

சொல்லிட்டேன். ஒண்ணும் இடிஞ்சி விழல.

கீழ்நிலையம், கோகிலவாணி: "அம்மா... நான்தான் பேசுறேன். எழுதி வச்சத வாசிக்கல, நானே பேசுறேன். உங்க முழுப் பேச்சையும் இப்பதான் பெட்டியிலேர்ந்து எடுத்துக் கேட்டோம். இத்தன நாளா சுருக்கத்த மட்டும்தான் பாத்தோம். எங்க வீட்டுலயும் வெளக்க மலையேத்துறதுன்னுதாம்மா சொல்லுவாங்க. ஒரு தடவ கேட்டிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். மன்னிச்சிருங்க."

உலகம்மாள்: "மன்னிப்பெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம் தாயி. ஓடம்?"

கோகிலவாணி: "திருப்பிட்டோம். நாளைக்குப் பகல் ரெண்டு மணிக்கு வந்து சேரும். ஆனா ஒண்ணு. கூடத்துல இருக்கிற பணியாளர்ல ஒருத்தருக்கு நாக்குல உப்பு போயிருந்தாக்கூட ஓடம் ஒட்டாது, திரும்பிரும். அது என் கையில இல்ல. ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்டயும் கேப்பேன்."

உலகம்மாள்: "கேளு. ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கோம்."

கீழே அனுப்பிய சுருக்கம்: உப்பு: இல்லை. மருத்துவர்: இல்லை. இறப்பு 7. தூக்கம்: இல்லை. பசி: இல்லை. மனம்: இல்லை. அவசரம்.


பதிவு 8
நாள் 70. காலை 10:25

புள்ள மூணு மணி நேரம் தூங்குனா. முடிச்ச அவுக்காமலே தூங்குனா. நோயாளிகளுக்கு மருந்து ரெண்டு பேரும் சேந்தே போயிக் குடுத்துட்டு வந்தோம். பதிமூணு பேரும் இருக்காவ.

அவளுக்குத் தல சீவி விட்டேன். சிக்கு எடுக்கயில வலிக்குன்னு கத்துனா. கத்துறது நல்லது. பொறவு அழுதா. அந்தப் பல்லுக் கதையச் சொல்லி அழுதா. ஓட்டுல மாட்டுன பல்ல யாரு எடுத்துக் குடுப்பான்னு கேட்டு அழுதா. நான் சிக்கெடுத்துக்கிட்டே இருந்தேன். பேசாம இருக்க எனக்கும் வரும் போல.

கஞ்சி வச்சேன். நார்த்தங்கா டப்பாவத் தொறந்தேன். அவ ஒரு துண்டு வாயில போட்டதும் மூஞ்சி கோணிப் போச்சு. "அல்லா, என்ன பெரியம்மா, கடலையே அள்ளிப் போட்டு ஊறப் போட்டியளா"ன்னு தண்ணிக்கு ஓடுதா. பாத்திரம் உருட்டுன அதே சிரிப்பு. பத்து நாளாச்சு அதக் கேட்டு.

நானும் ஒரு துண்டு வாயில போட்டேன்.

இன்னொரு துண்டு போட்டேன்.

டப்பாவுல தேங்கிக் கெடந்த உப்புத் தண்ணியக் குடிச்சேன்.

கிளி, இத நீ அனுப்பாத. அனுப்பாதன்னா ஒனக்குக் கேக்குமா? சாமான் பேரும் மனசும் மட்டும்தான எடுப்ப. அப்ப சாமான் பேரச் சொல்லாமப் பேசுதேன்.

எப்ப போச்சுன்னே தெரியல. பத்து நாளா சப்புன்னு கஞ்சி. இருந்தாத்தான போனது தெரியும். அன்னைக்கு நான் ஒழுங்காச் சொல்லியிருந்தா, கலத்துல வந்துருக்கும், கஞ்சியில போட்டுருப்பேன், அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப பாத்துக்கோ.

ஒடம்ப அளந்து பாத்தேன். இன்னும் சுடல. சுடாத வரைக்கும் ஒட்டாது, புள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. சுடுறதுக்குள்ள நான் காய்ச்சல் பக்கம் போயிரணும்.

ஆனா ரெண்டு மணிக்குக் கேள்வி வரும். சாமி சத்தியமா நான் பொய் சொல்ல மாட்டேன். அம்பத்திநாலு வருசத்துல சொன்னதில்ல.

முடிச்ச அவுத்துட்டேன். எங்க போறியன்னு கேட்டா. பாத்ரூமுக்குன்னேன். அது பொய்யில்ல, போயிட்டுத்தான் வந்தேன்.

கீழே அனுப்பிய சுருக்கம்: உணவு எடுக்கப்பட்டது. நூர்நிஷா: நாக்கில் உப்பு தெரிகிறது. பணியாளர் மனநிலை: சிரிப்பு. அழுகை. சிரிப்பு.


பதிவு 9
நாள் 70. பகல் 2:02

கீழ்நிலையம், கோகிலவாணி: "நூர்நிஷா, நாக்குல உப்பு தெரியுதா?"

நூர்நிஷா: "இன்னும் கரிக்குது மேடம். ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டேன்."

கோகிலவாணி: "உலகம்மா அம்மா, உங்களுக்கு?"

உலகம்மாள்: "நான் நடுக்கதவுகிட்ட நிக்கேன் தாயி. புள்ளைக்கு இங்க பேசுறது கேக்காது. உப்பு நிறைஞ்சிருக்கு."

சன்னல்ல ஓடம் நிக்கது தெரியுது, ஒட்டாம, ஒரு கூப்பிடு தூரத்துல.

கோகிலவாணி: "...நிறைஞ்சிருக்கு."

உலகம்மாள்: "ஆமா தாயி. நெசத்தத்தான் சொல்லுதேன். ஒனக்குத்தான் எங்க பேச்சு தெரியுமே. ஒடம்பு சுடல, நானே அளந்தேன். நான் இப்ப காய்ச்சல் பக்கம் போயி உள் கதவச் சாத்திக்கிடுதேன். வாரவுக யாரு கிட்டயும் நான் வரமாட்டேன். புள்ள எறங்கி அந்தக் கதவு மூடுற வரைக்கும் போதும்."

கோகிலவாணி: "அங்க வேலைக்கு வர்றவங்க உடுப்போடதான் உள்ள வருவாங்க. ஓடம் கெளம்புனதும் அவங்ககிட்ட நான் சொல்லிடுறேன். உங்களுக்கு எட்டாம் கட்டில் சரியா இருக்குமா?"

உலகம்மாள்: "ஏழாவதே குடு. டாக்டர் படுத்த எடம்."

கோகிலவாணி: "சரிம்மா. நீங்க சொன்னத நீங்க சொன்னபடியே எழுதிக்கிறேன்."

அந்தப் புள்ள மொகத்த நான் பாத்ததில்ல. நல்லா இருக்கணும்.

கீழே அனுப்பிய சுருக்கம்: நூர்நிஷா: உப்பு தெரிகிறது. உலகம்மாள்: உப்பு நிறைவு. இணைப்புக்கு அனுமதி.


பதிவு 10
நாள் 72. காலை 7:40

இதக் கேக்குறவுகளே. உடுப்பில்லாம ஏழாம் கட்டில்கிட்ட வராதிய. மொதல்ல அதச் சொல்லிட்டேன்.

ஒடம்பு சுடுது. நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி. மாத்து ஆளுக நாலு பேரு. நல்ல புள்ளைக. சாப்பிட்டியளா சாப்பிட்டியளான்னு என்னயக் கேக்குதுக. நான் திருப்பிக் கேக்கேன், நீ சாப்பிட்டியா, தூங்குனியான்னு. நல்லாருக்கேன்னு சொன்னா விட மாட்டேன். நெசத்தச் சொல்லுட்டின்னு கேப்பேன். இனிமே கிளி சுருக்கத்த அனுப்புனாலும் முழுப் பேச்சையும் ஒரு ஆளு ஒக்காந்து கேக்காவளாம். கோகிலவாணி சொன்னா.

ஓடத்துல பத்து கிலோ உப்பு வந்துருக்கு. வெள்ளவெளேர்னு. அள்ளிக் கையில வச்சிப் பாத்தேன். அழகா இருக்கு. நெரநெரன்னு.

மறுபடி விடியுது. இன்னைக்கு எத்தனாவதுன்னு எண்ணல. எல்லாத்துக்கும் கும்பிட்டுக்கிடுதேன்.

ஓடத்திலிருந்து, நூர்நிஷா: "பெரியம்மா. ஏமாத்திட்டியல்லா. பாத்ரூமுன்னுட்டுப் போனிய. பின்னாலயே வருதாவன்னு ஓடத்துலயும் ஏமாத்தி ஏத்துனாவ. ரெண்டு நாளா உங்ககூடப் பேசக் கூடாதுன்னு இருந்தேன்."

உலகம்மாள்: "பேசிட்டல்லா. மூச்சு... இரு. ஏட்டி, கீழ எறங்குனதும் அந்த டாக்டரம்மாகிட்டப் போவணும், மனசுக்குப் பாக்குறவுக. கோகிலவாணி எழுதிக் குடுத்துருக்கால்லா? அங்க போயி நிறைஞ்சிருக்கு கிறைஞ்சிருக்குன்னு எம் பேச்சப் பேசாத. இல்லன்னா இல்லன்னே சொல்லு."

நூர்நிஷா: "சொல்லுதேன்."

உலகம்மாள்: "எங் கோயிலுக்கு ஒரு படி உப்பும் மொளகும் வேண்டியிருக்கேன். நீ போயிக் கொட்டிரு. வாசல்ல கொட்டுனாப் போதும். ஒங்க வாப்பா திட்டுனா நாஞ் சொன்னேன்னு சொல்லு."

நூர்நிஷா: "வாப்பாவையே தூக்கச் சொல்லுதேன். மூணு கேள்வி கேக்கணும் பெரியம்மா. தூக்கம்?"

உலகம்மாள்: "இல்ல."

நூர்நிஷா: "பசி?"

உலகம்மாள்: "அதுவும் இல்ல தாயி."

நூர்நிஷா: "மனசு?"

உலகம்மாள்: "நிறைஞ்சிருக்கு."

நூர்நிஷா: "பெரியம்மா..."

உலகம்மாள்: "அழாத. கிளி, நீயும் கேட்டுக்கோ, தப்பா எழுதிராத. இது அந்த நிறைஞ்சது இல்ல. இது வந்து, நெசமாவே

கீழே அனுப்பிய சுருக்கம்: உப்பு: 10 கிலோ, நிறைவு. உலகம்மாள், தூக்கம்: இல்லை. பசி: இல்லை. மனம்: நிறைவு. இச்சொல்லின் பொருளைப் பேசியவரிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது புதிய விதி. இருமுறை கேட்கப்பட்டது. பதில் இல்லை.